இதுதானே உங்கள் சீட்டு?

அமான்சியோ என்ற சீட்டு வித்தைக்காரன் மொரால்டாவில் பேருந்தை விட்டு இறங்கும்போது கதவின் மேல்சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டான், அவ்வளவு உயரம். திருவிழாவின் கடைசி நாளன்று அதே ஆளை ஆலிவ் ஊறுகாய்ச் சாடிக்குப் பக்கத்தில், கவிழ்த்துவைத்த காப்பிக் கோப்பையின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். கால் மேசையைத் தொடவில்லை. நடுவில் அவனுக்கு வியாதி எதுவும் வரவில்லை. அந்த வருஷம் திராட்சைக்கு நல்ல விலை கிடைத்தது, உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடை விலை ஏறியது, ஆற்றுப் பாலத்துக்கு வண்ணம் அடித்தார்கள், அமான்சியோ சிறுத்தான். ஊர்க்காரர்கள் இவற்றை இதே வரிசையில்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

திருவிழாக் குழு அவனை ஆசைப்பட்டு அழைக்கவில்லை. வழக்கமாக வரும் வாத்தியக் குழு பக்கத்து ஊர்க்காரர்கள் நல்ல சாப்பாடு போடுகிறார்கள் என்று அங்கே போய்விட்டது. தெருவில் இளங்காளைகளை அவிழ்த்துவிட்டு ஓடும் நேரத்துக்கும் இரவு நடனத்துக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. அதை எதை வைத்து அடைப்பது என்று குழு கூடியது. குழுத் தலைவன் கசாப்புக் கடை ஒனோரியோ. இருபது வருஷமாக ஊர்ச் சீட்டுப் போட்டியில் தோற்காதவன், அதைத் தவிர வேறு எதிலும் ஜெயிக்காதவன். "சீட்டு வித்தையா? அதை இன்னும் எவன்யா பாக்குறான்?" என்று கேட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திரையில் ஓடினால்தான் எதுவும் பிடிக்கும் என்று பள்ளி ஆசிரியை சொன்னாள். சின்ன வயதில் ஒரு வித்தைக்காரனைப் பார்த்திருப்பதாகவும் அவனுடைய சப்பாத்து மட்டும் நினைவிருப்பதாகவும் பாதிரியார் சொன்னார். கடைசியில், மேடை வேண்டாம், மின்சாரம் வேண்டாம், படுக்க ஒரே அறை போதும் என்பதற்காக அமான்சியோவைத் தேர்ந்தெடுத்தார்கள். கலையின் மேல் மொரால்டா வைத்திருக்கும் மதிப்பு இவ்வளவுதான். இதற்கு மேல் எதிர்பார்க்கிறவர்கள் வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

அமான்சியோவின் ஊரான சரகோசாவில் வித்தைக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மக்களுக்கு இன்னும் சீட்டு வித்தை பிடிக்கிறதா என்று அந்தச் சங்கம் பல வருஷமாகக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மக்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாதிப் பேர் இனிமேல் ஆளை அறுக்க வேண்டும், லாரியை மறைக்க வேண்டும் என்றார்கள். மீதிப் பேர் பார்வையாளர்களைக் கட்டிப்போடுவது எப்படி என்று சொற்பொழிவு ஆற்றினார்கள்: பெயரைக் கேள், கண்ணைப் பார், சீட்டுக்கட்டை அவர்கள் கையில் கொடுத்துக் கலைக்கச் சொல், நடுவில் செத்துப்போன அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை உருக்கமாகப் பேசு. இந்தச் சொற்பொழிவுகளை மற்ற வித்தைக்காரர்கள் மட்டுமே கேட்டார்கள், அவர்களும் வெளியே மழை பெய்தால்தான் வந்தார்கள். அமான்சியோ எல்லாவற்றையும் நம்பினான். ஒரே ஒரு சீட்டுக்கட்டை வைத்து ஒரு ஊரையே கட்டிப்போட்டுக் காட்டுகிறேன், முடியாவிட்டால் இந்தத் தொழிலே வேண்டாம் என்று சங்கத்தில் எழுந்து சபதம் செய்துவிட்டு வந்திருந்தான். அவனிடம் சரக்கு இருந்தது. அவன் கூப்பிட்டால் சீட்டு கூப்பிட்ட இடத்துக்கு வரும். அது கைவேகமா வேறு ஏதாவதா என்று அவனுக்கே தெரியாது. அவனுடைய குறை ஒன்றுதான்: மனிதர்கள் வாயால் சொல்வதை நம்பிவிடுவான். சரகோசாவில் அதனால் பெரிய கெடுதல் வந்ததில்லை.

மொரால்டாவில் சீட்டு என்றால் மூஸ் ஆட்டம். நாலு பேர், எதிரெதிரே உட்காரும் இரண்டு ஜோடிக் கூட்டாளிகள். கையில் இருப்பதைக் கூட்டாளிக்கு முகக் குறியால் சொல்லலாம்: கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா, நாக்கு நுனி தெரிந்தால் இரண்டு ஏஸ், கண்ணை மூடித் திறந்தால் கையில் ஒன்றுமில்லை. எதிராளி அசந்த நேரம் பார்த்துக் காட்ட வேண்டும். அவன் அதைப் பிடித்துவிட்டால் அவன் சாமர்த்தியம். மற்ற ஊர்கள் ஏழெட்டுக் குறிகளோடு நிறுத்திக்கொண்டன. மொரால்டாவில் வேறு வேலை இல்லாததால், வாள், கோப்பை, தடி, பொற்காசு என்று நாலு இனமாகச் சீட்டுக்கட்டிலுள்ள நாற்பது சீட்டுக்கும் தனித்தனிக் குறி வைத்திருக்கிறார்கள். விதி ஒன்றே ஒன்று. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், முகத்தால் பொய் சொல்லக் கூடாது. எப்போதோ பொய்க் குறி காட்டிய ஒருவனின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்றும் மாதா கோவிலில் கடைசி வரிசையில்தான் நிற்கிறார்கள். இந்த விதி சீட்டு மேசையோடு நிற்காமல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டி இன்றைக்குச் சுட்டதா என்று கேட்டால் வாய் ஒன்று சொல்லும். உள்ளூர்க்காரன் முகத்தைப் பார்த்து வாங்குவான், வெளியூர்க்காரன் வாயைக் கேட்டு வாங்கிப் பல்லை உடைத்துக்கொள்வான். தன் கையில் இருந்த சீட்டு இன்னதுதான் என்று அடுத்தவனிடம் வாய்விட்டு ஒத்துக்கொண்ட ஆள் அந்த ஊர் வரலாற்றில் கிடையாது. எதிரே இருப்பவன் 'ஆமாம்' என்று சொன்னால்தான் பிழைப்பு என்கிற ஒரு மனிதன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான்.

முதல் நாள் ஊர் மண்டபத்தில் நல்ல கூட்டம், வெளியே வெயில் கடுமையாக இருந்ததுதான் காரணம். அமான்சியோ முதலில் ஒனோரியோவை அழைத்தான். பெயரைக் கேட்டான், கண்ணைப் பார்த்தான், கட்டைக் கலைக்கச் சொன்னான். ஒனோரியோ ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே செருகினான். அமான்சியோ விரலைச் சொடுக்கியதும், ஒனோரியோ சாயங்காலத்துக்கென்று மடியில் வைத்திருந்த முழு ரொட்டி தானாக விரிசல் விட்டு, உள்ளேயிருந்து சூடு ஆறாத வாள் ராஜா வெளியே வந்தது.

"இதுதானே உங்க சீட்டு?"

ஒனோரியோ அந்தச் சீட்டைப் பார்த்தான். அமான்சியோவைப் பார்த்தான். "இல்லையே" என்றான்.

மண்டபம் கைதட்டியது, ஒனோரியோவுக்காக. அது அவனுடைய சீட்டுதான் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெளியூர்க்காரன் முன்னால் என்ன அழகாகச் சாதித்தான் என்று மெச்சினார்கள். அமான்சியோவுக்குக் கால்சட்டை தரையில் புரண்டது. அடுத்துக் கொத்தனார் பிரூதென்சியோ வந்தான். முப்பது வருஷமாக மூஸில் ஒனோரியோவின் கூட்டாளி. அவனுடைய சீட்டு மண்டபத்துச் சுவரில், அவனே போன மாதம் பூசிய சுண்ணாம்புக்குப் பின்னாலிருந்து செதில் செதிலாக வெளிப்பட்டது. "இல்லைப்பா, இது யாருதோ." இன்னொரு விரல்கடை போயிற்று. மூன்றாவதாக வந்தவள் லியோகாடியா. அவளுடைய விடுதியில்தான் அமான்சியோவுக்கு அறை கொடுத்திருந்தார்கள். புருஷன் போனபின் தனியாக விடுதி நடத்துகிறவள், நல்லவள், ஆனால் மொரால்டாக்காரி. அவள் எடுத்த கோப்பைச் சிப்பாய் அவளுடைய மேலங்கியின் மடிப்புக்குள்ளேயே, அவள் போட்ட தையல் பிரியாமல் இருந்தது. பல்லால் கடித்து நூலை அறுத்துத்தான் எடுத்தாள். எடுக்கும்போது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஊரே பார்க்கிறது. "என்னுது இல்லைங்க" என்றாள்.

அன்று மாலைக்குள் ஒரு சாண் குறைந்திருந்தான். ஊர் மருத்துவர் வந்து அளந்து பார்த்து, ஆற்றங்கரைக் காற்று சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார். 'இல்லை' என்ற சொல்லுக்கு ஒரு விரல்கடை என்பது இரண்டாம் நாளே ஊருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நிறுத்தவில்லை. சொல்லப்போனால் புரிந்த பிறகுதான் கூட்டம் கூடியது. முதல் நாள் வராதவர்கள்கூடத் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்று ஆளுக்கொரு 'இல்லை' சொல்லிவிட்டுப் போனார்கள். அமான்சியோ சங்கத்தில் கேட்ட உபாயங்களை எல்லாம் எடுத்துவிட்டான். செத்துப்போன அப்பாவைப் பற்றிப் பேசினான். என்னுடைய அப்பாவும்தான் செத்தார் என்று கூட்டத்திலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். வெளிநாட்டுக் கட்டை எடுத்து விரித்தான்; இந்த இதயம் படம் போட்டதை எல்லாம் காதலிக்குக் கொடு என்றார்கள். மணிக்கூண்டிலிருந்து சீட்டைப் புறாபோல் இறங்கி வரச் செய்தான். ஒரு முழு முட்டையை உடைத்து உள்ளிருந்து தடி ஐந்து என்ற சீட்டை எடுத்துக் காட்டினான். முட்டை போயிற்றே என்று ஒருத்தி வருத்தப்பட்டாள். உலகத்தில் வேறு எங்கும் நடக்காதவை அந்த நாட்களில் மொரால்டாவில் வரிசையாக நடந்தன, ஊர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தரையில் துப்பிக்கொண்டு எல்லாவற்றுக்கும் இல்லை சொன்னது.

அவன் ஏன் திரும்பிப் போகவில்லை என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். முதலில் சபதம் தடுத்தது. மூன்றாம் நாளுக்குப் பிறகு பேருந்தின் படி எட்டவில்லை. லியோகாடியா அவனுக்கு ஒரு மேசைத் துண்டில் சட்டை தைத்துப் போட்டாள், சொரீசோத் தொத்திறைச்சி போட்ட உருளைக்கிழங்குக் குழம்பை உப்புக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். தான் சொன்ன ஒரு 'இல்லை' அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது, அவன் பக்கம் திரும்பாமல், "அன்னைக்கு அந்தக் கோப்பைச் சிப்பாய்... அது என் சீட்டுதான்" என்றாள். அவன் தலையை நிமிர்த்தி, "பாவம் பாத்துச் சொல்றீங்க" என்றான். ஒரு நூலிழைகூட வளரவில்லை. மொரால்டாவில் ஒரு வாய் முதல் தடவையாக உண்மை பேசியது, எதற்கும் பயன்படவில்லை. அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின மதியம் அவன் ஒயின் போத்தல் உயரத்துக்கு வந்திருந்தான். சமையலறையில் பூனை இருந்ததால் லியோகாடியா அவனைக் கொண்டுபோய் முன்கூடத்தில், ஒனோரியோவும் பிரூதென்சியோவும் வேறு இரண்டு பேரும் மூஸ் ஆடிக்கொண்டிருந்த மேசையில், ஆலிவ் சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆடுகிறவர்கள் தடுக்கவில்லை. மேசைமேல் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதையே நாலைந்து நிமிஷத்தில் மறந்துவிட்டார்கள். பல்குச்சி எடுக்க வேண்டி வந்தபோது ஒனோரியோ அவனை ஒரு விரலால் நகர்த்தினான். அமான்சியோ சாடியில் சாய்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தான். விரித்த சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் முகங்களை எல்லாம் ஒரே நேரத்தில் பார்த்த எதிராளி எவனும் இல்லை. அவன் கீழேயிருந்து நாலு முகத்தையும் பார்த்தான். ஒனோரியோவின் கீழுதடு ஒரு கணம் பல்லுக்குள் போய் வந்தது. அதே மூச்சில் அவன் வாய், "நமக்கு எங்கப்பா வருது, எல்லாம் குப்பை" என்றது. கையில் இரண்டு ராஜா. பிரூதென்சியோவின் நாக்கு நுனி எட்டிப்பார்த்தது. "எனக்கும் அதே கதிதான்" என்றான். கையில் இரண்டு ஏஸ். வாய் நாலும் ஓயாமல் பொய் சொல்லின, முகம் நாலும் ஓயாமல் உண்மை சொல்லின. மேசையில் சீட்டு விழ விழ, எந்தக் குறிக்கு எந்தச் சீட்டு என்று ஆட்டம் முடிவதற்குள் நாற்பதையும் மனப்பாடம் செய்துகொண்டான். அமான்சியோ மொரால்டாவுக்கு வந்து முதல் முறையாகச் சிரித்தான். சிரிப்பு சின்னதாக இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து அவர்கள் போனதும் லியோகாடியா மேசையைத் துடைக்க வந்தாள்.

"இந்த ஊருல மூஞ்சியால பொய் சொல்லவே மாட்டாங்களா?" என்று கேட்டான்.

"சேச்சே. மனுஷன் செய்யற காரியமா அது?" உண்மையிலேயே பதறிப்போனாள்.

"அப்ப என்னைப் பாருங்க. அன்னைக்கு நீங்க எடுத்தது எந்தச் சீட்டு?"

"அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே, என்னுது இல்லைன்னு. சும்மா தொணதொணக்காதீங்க." சொல்லிக்கொண்டே இடது கன்னத்தை உள்ளே இழுத்து விட்டாள். கோப்பைச் சிப்பாய்க்கு மொரால்டாவில் அதுதான் குறி.

அமான்சியோ ஒரு விரல்கடை வளர்ந்தான். சாடி கவிழ்ந்து ஆலிவ்கள் மேசை முழுக்க உருண்டன. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

கடைசி நாளுக்குச் சுற்றுவட்ட ஊர்களிலிருந்தெல்லாம் டிராக்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தங்கள் ஊர் 'இல்லை'களையும் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். மண்டபத்தில் நின்ற கூட்டத்தில் பாதி இல்லை சொன்னாலே அமான்சியோ மேசையில் மிச்சமிருக்க மாட்டான், அது எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தான் முன்வரிசைக்குச் சண்டை போட்டார்கள். மனிதர்களைப் பற்றி உயர்வாக நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். லியோகாடியா அவனைக் கூடையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்து நின்றுவிட்டாள்.

"வேண்டாங்க. உங்களைத் தின்னு தீர்த்தாத்தான் இதுங்களுக்குப் பசி அடங்கும். வாங்க, வீட்டுக்குப் போயிரலாம்."

"உள்ள கொண்டு போங்க. மறக்காம பெரிய துணி ஏதாவது கையில வச்சுக்குங்க" என்றான்.

மண்டபத்து மேசையில் ஆலிவ் சாடிக்குப் பக்கத்தில், கவிழ்த்த காப்பிக் கோப்பையின் மேல் உட்கார்ந்து அவன் பேசியது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. பாதிரியார்தான் உரக்கத் திருப்பிச் சொன்னார். "இன்னைக்கு 'இதுதானே உங்க சீட்டு'ன்னு யார்கிட்டயும் கேக்கப் போறதில்லை. ஒரு சீட்டை எடுங்க. எதிர்ச் சுவரோரம் நிக்கிற உங்க கூட்டாளிக்குக் குறி காட்டுங்க. நான் பிடிக்கிறேன். தவறவிட்டா அந்த ஆலிவ் சாடிக்குள்ள என்னைப் போட்டு மூடிருங்க."

மண்டபத்தில் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் நின்றது. தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்த இளவட்டங்கள் அதைச் சட்டைப் பையில் போட்டார்கள். முட்டையிலிருந்து சீட்டு வந்தபோது இப்படி நடக்கவில்லை.

முதலில் பிரூதென்சியோ எடுத்தான். எதிர்ச் சுவரோரம் ஒனோரியோ. பிரூதென்சியோ அவசரப்படவில்லை; காதைச் சொறிந்தான், ஒயின் குடித்தான், ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். முந்நூறு கண்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கோவில் மணி அடித்து எல்லோரும் இமைத்த நொடியில் மூக்கு ஓரம் அரிசியளவு அசைந்தது.

"தடி ஏழு" என்றான் அமான்சியோ. பாதிரியார் கையிலிருந்த பலகாரத்தின் மேல்தோட்டுக்கு அடியிலிருந்து தடி ஏழு வெளியே நழுவியது. அதை யாரும் பார்க்கவில்லை. "இல்லவே இல்லை!" என்று பிரூதென்சியோ கத்தினான், அதை யாரும் கேட்கவில்லை. "பிடிச்சுட்டான்யா! பொடியன் பிடிச்சுட்டான்யா!" என்று மண்டபம் கூரை பறக்கக் கூவியது. அமான்சியோவும் இந்த முறை வாயைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தான். அதனால் வளர்ந்தான்.

அதன்பிறகு மேசைக்கு முண்டியடித்தார்கள். அண்ணன் தம்பிகள் வந்தார்கள், வாய்க்கால் தகராறில் பல வருஷமாகப் பேசாதவர்கள் வந்தார்கள். பேச்சு வார்த்தையே இல்லாமல் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்த ஒரு தம்பதி வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் வெகு நேரம் பார்த்துக் குறி காட்டிக்கொண்டார்கள். பிடிபட்டதும் இரண்டு பேரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். எல்லா வாயும் இல்லை என்றது, எல்லா முகமும் ஆமாம் என்றது. அமான்சியோ கோப்பையிலிருந்து இறங்கினான், மேசையிலிருந்து இறங்கினான். மேசைத் துண்டுச் சட்டை கிழிந்தபோது லியோகாடியா மேசை விரிப்பை நீட்டினாள், அது பற்றாதபோது ஜன்னல் திரையைக் கழற்றினாள். சீட்டு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. சரகோசாச் சங்கம் அத்தனை வருஷம் விவாதித்த கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைத்தது: மனிதர்களுக்குச் சீட்டு வித்தை பிடிக்காது, எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. தங்களைத்தான் பிடிக்கும்.

ஒனோரியோ இதை எல்லாம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் தன்னைப் பார்க்காமல் வேறொருவனைப் பார்ப்பது அவனுக்கு அது முதல் முறை. கடைசியாக மேசைக்கு வந்தான். சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். பிரூதென்சியோவைப் பார்த்து ஒரு குறி காட்டினான், தெளிவாக, அவசரமே இல்லாமல்.

"பொற்காசு இரண்டு" என்றான் அமான்சியோ.

எங்கிருந்தும் எந்தச் சீட்டும் வரவில்லை. ஒனோரியோ கையிலிருந்ததை மேசையில் அறைந்தான். வாள் ராஜா. "தோத்துட்டான்! பாத்தீங்களா, தோத்துட்டான்! எங்க அந்தச் சாடி? எடுத்துட்டு வாங்கடா!"

யாரும் அசையவில்லை. ஒனோரியோ சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தான்; சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே வைத்திருந்தான். பிரூதென்சியோ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

"முப்பது வருஷமா உன் மூஞ்சிய நம்பித்தான்டா சீட்டு போட்டேன்" என்றான். குரல் உயரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் மறுபக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒனோரியோவின் கால்சட்டை ஓரம் தரையைத் தொட்டதை எல்லோரும் பார்த்தார்கள். அன்று இரவு நடனம் வழக்கம்போல் நடந்தது.

அடுத்த வருஷம் கசாப்புக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட வேண்டியிருந்தது, அதற்கடுத்த வருஷம் முக்காலியின் மேல் ஒரு பெட்டி. ஊர் அவனிடம் கறி வாங்குகிறது, எடை சரியாக இருக்கிறது, ஆனால் வாங்கும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அதற்காக ஊருக்கு மனசாட்சி முளைத்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு மனிதனைப் போத்தல் உயரத்துக்குக் கொண்டுவந்தது அவர்களுக்கு விளையாட்டு, ஒருவன் பொய்க் குறி காட்டியது பாவம். அமான்சியோவிடம் மன்னிப்புக் கேட்க இன்றுவரை ஒருவரும் வரவில்லை. வருஷா வருஷம் திருவிழாவில் அவனுடைய காட்சிக்கு மட்டும் மதியமே வந்து இடம் பிடிக்கிறார்கள். மூஸ் மேசையில் அவனை உட்கார விடுவதில்லை, அவன் கண் பொல்லாத கண் என்கிறார்கள். சரகோசாச் சங்கத்திலிருந்து மூன்று பேர் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வந்தார்கள். பார்வையாளர்களை ஈர்ப்பது எப்படி என்று மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றி, சொன்னது பிடித்ததா என்று கூட்டத்தைக் கேட்டார்கள். திரும்பிப் போகும்போது பேருந்தில் மூன்று பேருக்கும் அரை டிக்கெட் போதும் என்றார் நடத்துநர்.

அமான்சியோ லியோகாடியாவின் விடுதியிலேயே தங்கிவிட்டான். திருவிழா முடிந்த அன்று அவள் இடுப்பளவு இருந்தான். பேருந்து இருக்கையில் உட்கார்ந்தால் கால் தரையை எட்டும் அளவுக்கு வளர்ந்ததும் போய்விடுவதாகச் சொன்னான். குளிர்காலத்தில் எட்டியது. வசந்தத்தில் பழைய உயரம் வந்துவிட்டான். அப்புறமும் வளர்ந்தான். ரொட்டிக் கடையில் பெண்கள் லியோகாடியாவைச் சீண்டுவார்கள்: "என்னடி, அந்த நெட்டையனைக் கட்டிக்கப் போறியா?" "அவரையா? கட்டிக்கிட்டு என்ன பண்றது? வாடகைக்கு இருக்கிறவரு, இன்னைக்கு இருப்பாரு, நாளைக்குப் போவாரு" என்பாள். வீட்டில் குழம்பைப் பரிமாறும்போது அவனிடமும் அதையேதான் சொன்னாள்: உங்களை எப்ப இங்க இருந்து கிளப்புறதுன்னு நாள் பாத்துட்டு இருக்கேன். அவன் வாயைக் கேட்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். மறுநாள் காலையில் கூடத்து வாசல் நிலையின் மேல்சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டான். லியோகாடியா பிரூதென்சியோவை வரவழைத்து நிலையை உயர்த்திக் கட்டச் சொன்னாள். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள்.

மூன்றாவது தடவை வந்தபோது பிரூதென்சியோவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏம்மா, இந்த ஒரு வாசல் நிலையக் கட்டியே நான் சாகணுமா? இப்ப என்ன?"

"மழையில மரம் உப்பிக்கிச்சு. கதவு சரியா மூட மாட்டேங்குது. வேற என்னவா இருக்கப் போகுது?" என்றாள் லியோகாடியா.

பிரூதென்சியோ அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் கலவையைக் குழைத்து, திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க முடியாது என்று, இந்த முறை ஒரேயடியாக இரண்டு முழம் உயர்த்திக் கட்டிவிட்டுப் போனான்.